குப்புறப் படுக்காத ஊர்

இன்றைக்கும் கண்ணை மூடினால் செஞ்சிக் கடைத்தெருவே தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறது.

யுத்த காலம். வாரச்சந்தை கூடியிருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் தராசைப் பிடித்த கையோடு ரோட்டுக்கு வந்துவிட்டார். மளிகைக்கடைச் செட்டியார் வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேல்மலையனூருக்குப் புறப்பட்டிருந்த வண்டியிலிருந்து பாதி ஜனம் இறங்கிவிட்டது. அத்தனை பேர் கண்ணும் வானத்தில்.

நடுவில் ஒரு கட்டைவண்டி. அதன்மேல் காக்கி டிரில் துணியில் அரை நிஜார் போட்ட அதிகாரி ஒருவர் ஏறி நின்று, விசிலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கி, "படுங்க! கீழே படுங்க! ஐயோ, குப்புறப் படுங்களேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஜப்பான்காரன் விமானத்தில் வந்து குண்டு போட்டால் தப்பிப்பது எப்படி என்பதற்கு ஒத்திகை அது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் குண்டு டிரில். முதல் விசிலுக்கு இருந்த இடத்திலேயே குப்புறப் படுக்க வேண்டும். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பல்லுக்கு நடுவே துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது விசில் நீளமாக வரும். அது வந்தால்தான் எழுந்திருக்கலாம். நான்கு நாளாகத் தண்டோரா போட்டுச் சொல்லியிருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவராவது படுத்தார்களா? வீட்டுக்குள் இருந்தவர்களும் வெளியே ஓடிவந்து மேலே பார்த்தார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பார்த்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் நான். நான் வரிசையில் நிறுத்தி வைத்திருந்த முப்பது பெண்களும் பார்த்தார்கள்.

டிரில் டீச்சர் என்றொரு பிராணி

சென்ற வாரம் என் பயிற்சிப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஆரணியிலிருந்து ஒரு வாசகி, "அந்தக் காலத்தில் பெண்களுக்கு டிரில்லா? நம்ப முடியவில்லை" என்று கடிதம் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊர்க்காரர்களே கண்ணால் பார்த்துவிட்டு நம்பவில்லை.

நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் பள்ளிக்கூடத்து வேலியோரம் தினமும் கூட்டம் நிற்கும். உள்ளே என்ன பெரிய அதிசயம் நடந்தது என்கிறீர்கள்? கையை மேலே தூக்கு, பக்கத்தில் நீட்டு, கீழே இறக்கு. மூங்கில் தடியை வைத்துக்கொண்டு குனி, நிமிர். அவ்வளவுதான். இதற்கே, "பொட்டப் புள்ளைங்கள குதிக்க உட்டா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்று நான்கு தகப்பன்மார் பெரிய சிஸ்டரிடம் வந்து நின்றார்கள்.

பெரிய சிஸ்டர் என்றால் எங்கள் தலைமையாசிரியை. பயந்தவர் இல்லை, ஆனால் பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமே. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆரோக்கியம், உன் வேலை ஒரு வருஷத்துக்குத்தான். அது முடிந்தால் டிரில்லை எடுத்துவிட்டுத் தையல் வைக்கச் சொல்கிறார்கள். தையல் உனக்கு வராது, எனக்குத் தெரியும். அந்தக் குண்டு டிரில் அதிகாரி மறுபடி வருவார். ஊர்ப் பெண்களைப் பழக்கிக் காட்டு. அவர் நம்மைப் பற்றி நான்கு வரி நன்றாக எழுதினால் நான் மேலிடத்தில் பேச முடியும்."

வேலை போனால் நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்திருந்த இன்னொரு தொழில் ஒன்றுதான். கிணற்று மேட்டில் கல் கூடை சுமப்பது. பன்னிரண்டு வயது வரைக்கும் அதைத்தான் சுமந்தேன். பங்குச் சாமியார் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததால் தலையிலிருந்து கூடை இறங்கியது. மறுபடி அதை ஏற்றிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. இதைக் கௌரவமாகச் சொல்லத் தெரியவில்லை, பயமாக இருந்தது.

கல்லுக்குக் கண்ணைக் காட்டு

எங்கள் ஊர் ஏன் படுக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

செஞ்சியில் இரண்டு முழம் தோண்டினால் பாறை. ராஜகிரிக் கோட்டை நிற்பது கண்ணுக்குத் தெரிகிற பாறை. மற்றதெல்லாம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிற பாறை. ஒரு குடம் தண்ணீர் வேண்டுமென்றால் வெடி வைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் நைனா கிணறு வெட்டும் மேஸ்திரி. அவர் போனபிறகு அண்ணன் சின்னப்பன் அந்தக் கூட்டத்தை நடத்தினார்.

வெடிமருந்து வைக்கப் பாறையில் துளை போடுவதை அங்கே தமர் அடிப்பது என்பார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆள் எதிரெதிரே நின்று சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற ஆள் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அடி ஒரு கணம் முந்தினாலும் திருப்பு ஒரு கணம் பிந்தினாலும் கை போய்விடும். பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்த "ஒன், டூ" எல்லாம் இதற்கு முன்னால் தூசி.

அந்தக் கம்பியைத் திருப்புகிறவர் எங்கள் அண்ணி சவரியம்மா. ஆம்பிளைகள் செய்கிற வேலை அது. ஒருமுறை ஆள் வராத நாளில் அண்ணி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சம்மட்டிக்காரர்கள் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. "இந்தக் கைக்குத்தான் பயமில்லாம அடிக்க முடியுது" என்பார்கள். அண்ணி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.

மருந்தை இட்டுத் திரியைக் கொளுத்தியதும் அண்ணன் "வெடியேய்! வெடி!" என்று மூன்று தடவை கத்துவார். எல்லாரும் ஓடிப்போய்த் தூரத்தில் நின்று, திரும்பி, வானத்தைப் பார்க்க வேண்டும். படுக்கக் கூடாது. முதுகைத் திருப்பக் கூடாது. மேலே போன கல் இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டால் ஓரடி விலகினால் போதும். "கல்லுக்கு முதுகைக் காட்டாத, கண்ணைக் காட்டு, ஓரடி போதும்" என்று நைனா சொல்லிச் சொல்லி, எங்களுக்கு மாதா கோயில் மூவேளை மணிக்கு எழுந்து நின்று சிலுவை போடுகிற பழக்கம் எப்படியோ அப்படி ஆகிவிட்டது. எங்கள் கூட்டம் மட்டுமல்ல, பக்கத்துக் கொல்லையில் மாடு மேய்க்கிறவர் முதல் கடைத்தெருச் செட்டியார் வரை ஊரில் எல்லாருக்கும் இது தெரியும்.

அந்த ஊரிடம் போய் ஆபத்து என்றால் குப்புறப் படு என்றால்?

ரங்கூன்காரர்

அன்று சந்தை கலைந்தபிறகு அதிகாரி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தொண்டை கட்டியிருந்தது. கோபமாக ஏதாவது சொல்வார் என்று பெரிய சிஸ்டரும் நானும் காத்திருந்தோம். ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் வெடி விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, கல்லு மேலே போயிட்டுக் கீழே வரும். குண்டு அப்படி இல்லை. விழுந்த இடத்துலேருந்து நாலு பக்கமும் சிதறும். நின்னவனைத்தான் அடிக்கும்" என்றார்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரங்கூன்ல இருந்தேன். முதல் நாள் விமானம் வந்தப்போ ஊரே ரோட்டுக்கு வந்து வேடிக்கை பார்த்துச்சு. என் தம்பியும் பார்த்தான். நான் பயந்துபோய் வாய்க்கால்ல விழுந்தேன். தைரியசாலி அவன்தான். நான் இருக்கேன்."

அதற்கப்புறம் அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. கடைத்தெரு அவருக்குக் குண்டு ஐயா என்று பெயர் வைத்திருந்தது. அவர் ஊர் ஊராகப் போய்க் கட்டைவண்டி மேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தது அந்தத் தம்பிக்காகத்தான்.

போகும்போது தன் பித்தளை விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "அடுத்த தடவை வர்றப்போ இந்த ஊர் படுக்கணும்" என்றார்.

படுக்க வைக்கிறேன் என்றேன். சர்ட்டிபிகேட் வாங்கிய திமிரும் கொஞ்சம் இருந்தது.

ஐந்து பெண்கள்

நான் போட்ட கணக்கு இதுதான். ஊரிலேயே படுக்க வைக்க முடியாதவர்கள் கிணற்றுப் பெண்கள். அவர்கள் படுத்தால் ஊர் படுக்கும். அதனால் அண்ணன் கூட்டத்தில் அண்ணியையும் சேர்த்து இருந்த ஐந்து பெண்களையும் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெயில் தாழ்ந்தபிறகு, செட்டிக்குளத்துக் கரையில் டிரில்.

முதல் வாரம் சிரிப்புதான். விசில் ஊதினால் ஐந்து பேரும் மேலே பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். "புடவையெல்லாம் மண்ணாவுதுடி, தொவைக்க சோப்பு உன் பள்ளிக்கூடம் குடுக்குமா?" என்பார்கள். நான் முறைப்பேன்.

அண்ணிதான் எனக்காக அவர்களை அதட்டினார். "நம்ம புள்ள வேல நிக்கணும்னா படுக்கத்தான் வேணும். இன்னா கெட்டுப்போச்சு? சொம்மா படுத்து எழுந்துக்கறதுதானே."

அண்ணிக்கு எதைச் செய்தாலும் முழுசாகச் செய்ய வேண்டும். கம்பியைத் திருப்புகிற அதே கவனத்தோடு படுத்தார். விசில் சத்தம் அடங்குவதற்குள் முழங்கை தரையில் இருக்கும், விரல் காதில் இருக்கும், முந்தானை பல்லில் இருக்கும். இரண்டாவது விசில் வரும்வரை ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். நான் வேண்டுமென்றே நேரம் கடத்துவேன். அண்ணி அப்படியே கிடப்பார். மூன்றாவது வாரத்தில் மற்றவர்களும் அவரைப் பார்த்துப் படுக்கப் பழகிவிட்டார்கள்.

தனக்கோட்டியைத் தவிர.

தனக்கோட்டி அங்காளம்மன் பக்தை. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போகிறவள். அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வரிசை என்ற பேச்சே கிடையாது. இடி, நெருக்கு, மிதி. ஆனாலும் எல்லாரும் சாமி பார்த்துவிட்டு முழுசாக வீடு திரும்புவார்கள். எப்படி என்று கேட்டால், "கூட்டம் எங்க போவுதோ அங்க போணும், கண்ண மட்டும் மூடக் கூடாது" என்பாள். அரிசி ரேஷன் கடையில் கியூ வந்த புதிதில், முன்னால் நிற்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்று சண்டை போட்டவள் அவள்.

அவளும் விசிலுக்குப் படுத்தாள். ஆனால் மல்லாக்கப் படுத்தாள்.

"தனக்கோட்டி, குப்புற!" என்பேன்.

"குப்புற படுத்தா மேல இன்னா வருதுன்னு எப்டி தெரியும் டீச்சரு?"

"தெரிய வேண்டாம். அதுதான் டிரில்."

"தெரியாத படுக்கறதுக்கு நான் இன்னா பொணமா?"

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கையைப் பிடித்துப் புரட்டிப் போட்டேன். அடுத்த விசிலுக்கு மறுபடி மல்லாக்கத்தான். அதிகாரி வருகிற அன்று இவளை மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிற நோட்டில், விளையாட்டுக்குத்தான், அவளுக்கு முட்டை போட்டு வைத்திருந்தேன்.

ஒரு கணப் பெருமை

அதிகாரி வர ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை, அரைநாள் பள்ளிக்கூடம். அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாளாகக் குரலே இல்லை. மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு, தளவானூர் போகிற வழியில் அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்குப் போனேன். விசில் கழுத்தில் தொங்கியது. அந்த நாட்களில் நான் சிலுவையைக்கூட உள்ளே போட்டுக்கொண்டு விசிலை வெளியே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

தமர்த் துளையில் மருந்து நிரப்பி ஆகிவிட்டது. பெண்கள் முன்கூட்டியே வெளியே வந்து, வழக்கமாக நிற்கிற பனைமரத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"சத்தம் வரல. நீ கத்து" என்றார், காற்றாக.

"கத்துவானேன், இது இருக்கும்போது?" என்றேன்.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். அண்ணன் கத்துவதைப் போல மூன்று தடவை ஊத நினைத்தேன். முதல் தடவைக்கே பனைமரத்தடியில் ஐந்து பெண்களும் தரையில் விழுந்தார்கள்.

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. அவர்கள் விழுந்ததைப் பார்த்து நான் முதலில் பயப்படவில்லை. என்ன அழகாக விழுந்தார்கள் என்று நினைத்தேன். ஒரு கணம்தான். ஐந்து பேரும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில். இதை அந்த அதிகாரி பார்க்கவில்லையே என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தப் போனேன். விசில் பல்லுக்கு நடுவே இருந்தது. அதைத் துப்புவதற்குள் தரை அதிர்ந்தது.

கல் மேலே போனது. கொத்தாகப் போய் விரிந்தது. நான் நின்று பார்க்கிறேன், அண்ணன் நின்று பார்க்கிறார், எங்களுக்கு எல்லாக் கல்லும் தெரிகிறது. அவர்கள் நான்கு பேரும் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார்கள். மரக்கால் அளவு கல் ஒன்று மெதுவாகத் திரும்பி, பனைமரத்தடிக்கு நேராக இறங்கியது.

நான்கு பேர் என்று சொன்னேன். ஐந்தாவது ஆள் தனக்கோட்டி. அவள் மல்லாக்கக் கிடந்தாள்.

அவள் கல்லைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த அண்ணியின் கொண்டையைப் பிடித்து, அப்படியே உருண்டு, இழுத்தாள். அண்ணி தலை வந்தது, தோள் வந்தது, உடம்பு வந்தது. காதிலிருந்து நழுவிய வலது கை மட்டும் பின்னால் தங்கிவிட்டது.

நான் ஓடிப்போனபோது கல் பக்கத்தில் தனக்கோட்டி அண்ணியை மடியில் போட்டுக்கொண்டு, அங்காளம்மனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி வாயில் முந்தானையைக் கடித்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். துணியை எடுத்தேன்.

"ஆரோக்கியம், ரெண்டாவது விசிலு இன்னும் ஊதலியே" என்றார். "எழுந்துக்கலாமா?"

கை நசுங்கியது அவருக்கு இன்னும் தெரியவில்லை. நான் ஊதவில்லை. விசில் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அவரைத் தூக்கி வண்டியில் போட்டோம்.

நான்கு வரி

அண்ணி பிழைத்தார். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நின்றன.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். ஒத்திகை இல்லை என்று சொல்லிவிட்டு, நடந்ததை அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த ஒரு கணப் பெருமையை மட்டும் சொல்லவில்லை. அதை இப்போதுதான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ கத்துக்கொடுத்ததும் தப்பில்லை, உங்க அப்பா கத்துக்கொடுத்ததும் தப்பில்லை. ரெண்டு ஆபத்துக்கு ஒரே சத்தம் வெச்சோம் பாரு, அதுதான் தப்பு. அந்த விசிலை நான்தான் கொடுத்தேன். அதனால என்னையும் சேர்த்துக்கோ" என்றார்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதைப் பெரிய சிஸ்டர் படித்துக் காட்டினார். நான்கு வரிக்கு மேலேயே இருந்தது. எல்லாம் நல்ல வரிகள். என் வேலை நிரந்தரமாயிற்று. கூடை என் தலைக்குத் திரும்பி வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அன்று ஸ்டோர் ரூமில் மூங்கில் தடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

கம்பியைத் திருப்ப அண்ணன் வேறு ஆளை உட்கார வைத்தார். அண்ணி கூடை சுமக்கப் போனார். இரண்டு விரலால் கூடை விளிம்பைப் பிடிப்பார். என்னோடு முன்போலவே பேசினார், சிரித்தார், மீன்குழம்பு வைத்தால் கொடுத்தனுப்பினார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். திட்டவே இல்லை. மன்னித்துவிட்டாரா, மறைத்து வைத்திருக்கிறாரா என்று தெரியாமல் எத்தனை வருஷம் அவர் வீட்டுக் குழம்பை விழுங்கியிருக்கிறேன்!

விசிலை அண்ணன் அந்தக் கிணற்று மேட்டில் தேடி எடுத்துவந்து கொடுத்தார். டிரங்குப் பெட்டி அடியில் போட்டேன். அதன்பிறகு கைதட்டித்தான் டிரில் நடத்தினேன். பிள்ளைகள் எனக்குக் கைதட்டு டீச்சர் என்று பட்டம் வைத்தார்கள். ஜப்பான்காரன் செஞ்சிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்தது.

பூ

சுதந்திரம் வந்த அன்று எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றம். ஊரே வந்துவிட்டது. முன்பு டிரில் வேண்டாம் என்று வந்து நின்ற அதே தகப்பன்மார், இப்போது தங்கள் பெண்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று என்னிடம் சிபாரிசுக்கு வந்தார்கள். நானும் நிறுத்தினேன், போகட்டும் என்று.

பெரிய சிஸ்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். "இவ்வளவு கூட்டத்தில் உன் கைதட்டல் யாருக்கும் கேட்காது. கொடி ஏறும்போது கோயில் மணி அடிப்பார்கள். முடிந்ததும் வரிசை கலைய நீ விசில் ஊத வேண்டும். பெட்டியில் இருப்பது எனக்குத் தெரியும்."

எடுத்துவந்தேன். பித்தளை கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தும் ஒரு பக்கம் கறுப்பு போகவில்லை.

மணி அடித்தது. கொடி சுருட்டியபடியே மேலே ஏறியது. "நேராகப் பார்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற ஐந்து கிணற்றுப் பெண்கள் மட்டும் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றை இழுத்ததும் கொடி விரிந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த சாமந்தியும் ரோஜா இதழும் கொட்டின. காற்று அதைத் தூக்கி வேலிப்பக்கம் கொண்டுபோனது. ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில், யாரும் சொல்லாமல், ஓரடி பின்னால் எடுத்து வைத்தார்கள்.

"பூதான்டி!" என்று தனக்கோட்டி கத்தினாள். மைதானமே சிரித்தது.

நான் ஊத வேண்டிய நேரம் அது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். பெரிய சிஸ்டர் என்னைப் பார்க்கிறார். நான் வேலியோரம் அண்ணியைப் பார்க்கிறேன். மறுபடி அந்தச் சத்தம் கேட்டால் அவர் உடம்பு என்ன செய்யும்? இத்தனை பேர் முன்னால் தரையில் விழுந்துவிட்டால்? கையை இறக்கிவிட்டேன்.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு விரலில் ஒரு சாமந்திப்பூ இருந்தது.

"இன்னா, நின்னுட்ட?" என்றார்.

"முடியல அண்ணி."

அண்ணி பூவை என் தலையில் செருகினார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"அன்னிக்கு ரெண்டாவது விசிலு ஊதாமயே உட்டுட்டடி நீ. எழுந்துக்கலாமான்னு கேட்டேன், பதிலே இல்ல. எத்தினி வருஷம் படுத்துக்கினே கெடப்பேன்? ஊது."

ஊதினேன். நீளமாக, மூச்சு தீருகிற வரைக்கும். வரிசை கலைந்தது, பிள்ளைகள் மிட்டாய்த் தட்டைப் பார்த்து ஓடினார்கள்.